நெற்றித் தழும்பின் ஓரத்தில்

“இது கேன்சர்தான், ஆனா பயப்பட ஒண்ணுமில்ல” என்று டாக்டரம்மா ஒரே மூச்சில் சொன்னார். முதல் பாதியைக் கேட்டு என் மனைவி ஜமீலா அழ ஆரம்பித்தாள். இரண்டாம் பாதியைக் கேட்டு நான் சிரித்துத் தொலைத்தேன். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, இதில் யார் சரியாகக் கேட்டது என்று தெரியாமல் முழித்தோம். அந்த முழிப்பு இன்றுவரை எனக்கு முழுசாகத் தெளிந்தபாடில்லை.

தெளியாதவன் எதற்கு எழுத வருகிறான் என்று கேட்பீர்கள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாள் முதல் ஊட்டி கடைவீதியில் என் நெற்றியைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. பஸ்ஸில் அடிபட்டது என்கிறார்கள், கரடி கீறியது என்கிறார்கள், யாரோ செய்வினை வைத்தார்கள் என்றுகூட ஒரு கட்சி இருக்கிறது. அதற்கு நானே நடந்ததைச் சொல்லிவிடுவது மேல். நெற்றியிலோ மூக்கிலோ ஆறாத ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு வேறு பெயர் சொல்லிக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் ஒரு நடை டாக்டரிடம் போய்வரட்டும்.

என் பெயர் காதர் மைதீன். வீடு ஊட்டியில் காந்தல் பகுதியில். சேரிங் கிராஸ் பக்கம் நடைபாதையில் ஸ்வெட்டர், மஃப்ளர், குல்லாய், அகல விளிம்பு வைத்த தொப்பி எல்லாம் விற்கிறேன். கடை என்றால் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும்தான். ஆனால் அது வெயில் பக்கத்துக் கடை. இதன் அருமை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. அவர்கள் வெயிலைக் கண்டால் நிழலுக்கு ஓடுவார்கள். நாங்கள் வெயிலைத் தேடி ஓடுகிறவர்கள். மார்கழியில் புல்தரை எல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது, தெருவின் எந்தப் பக்கம் முதலில் வெயில் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கூட்டம் நிற்கும். அங்கே ஓர் இடம் பிடிக்க நான் வாலிபத்தில் சண்டை போட்டிருக்கிறேன். பிடித்த பிறகு, காலையில் கடை விரித்ததும் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதுதான் எனக்கு முதல் வேலை. எல்லா வியாபாரிகளும் அப்படித்தான் நிற்போம். தலையில் தொழுகைத் தொப்பி இருக்கும். அது உச்சியை மூடுமே தவிர நெற்றியை மூடாது.

இனி நெற்றிக்கு வருகிறேன். நாங்கள் ஒரு நாளைக்கு ஐந்து வேளை தொழுகிறவர்கள். தொழுகையில் சஜ்தா என்று நெற்றியைத் தரையில் வைப்போம். வருடக்கணக்கில் அப்படி வைத்து வைத்துச் சிலருக்கு நெற்றி நடுவில் தோல் தடித்து, கறுத்து, ஒரு தழும்பு விழும். எல்லோருக்கும் விழாது. எனக்கு விழுந்தது. நான் கேட்டு வாங்கியதல்ல, தேய்த்து வரவழைத்ததும் அல்ல. என்னைவிடப் பெரிய தொழுகையாளிகளின் நெற்றி பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் கடைவீதிக்குத் தழும்பு தெரிகிறது அல்லவா? என் பெயர் ‘தழும்பு பாய்’ என்றாகிவிட்டது. இடத் தகராறு வந்தால் என்னைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். எனக்கு அதில் கூச்சமும் உண்டு, பெருமையும் உண்டு. பெருமைதான் கொஞ்சம் கூடுதல்.

அந்தத் தழும்பின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது. எப்போது என்று கேட்காதீர்கள், தெரியாது. டாக்டர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள், எல்லோரிடமும் வெவ்வேறு பதில் சொன்னேன். புள்ளி மெல்லப் பரந்தது. அதன் விளிம்பு மட்டும் சற்று மேடாகி மினுமினுத்தது. பக்கத்துக் கடையில் கேரட் விற்கும் போஜன், படகர், என் பல வருட சிநேகிதர், அவர்தான் முதலில் சொன்னார்.

“பாய், உங்க நெத்தி மின்னுதுங்க. தொழுகை ஜாஸ்தி ஆயிடுச்சாட்டம் இருக்குது.”

பள்ளிவாசலில் வயதானவர் ஒருவர் அதையே நூர் என்றார். இறைவன் தரும் ஒளி என்று அர்த்தம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மின்னத்தான் செய்தது.

மின்னிய இடம் கொஞ்ச நாளில் அரிக்க ஆரம்பித்தது. பொருக்குத் தட்டும், பொருக்கு உதிரும், மறுபடி தட்டும். வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. வலித்திருந்தால் டாக்டரிடம் போயிருப்பேன். பிறகு ஒருநாள் ஜமீலா என் தொழுகை விரிப்பான முசல்லாவை மடிக்கும்போது நின்றுவிட்டாள்.

“ஏனுங்க, இங்க வாங்க. இது ரத்தமுங்க.”

“பள்ளிவாசல் கார்ப்பெட் முரடு. உரசியிருக்கும்.”

“இது பள்ளிவாசல் கார்ப்பெட் இல்லீங்களே. நம்ம ஊட்டு முசல்லா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். பிறகு ஊட்டிக்காரன் புத்தி, நீலகிரித் தைலத்தைத் தடவினேன். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் கொட்டியது, பொருக்கு மட்டும் அப்படியே இருந்தது. டாக்டரிடம் போகலாம் என்றாள் ஜமீலா. ஊரே மரியாதை வைத்திருக்கும் ஓர் அடையாளத்தை எப்படிக் கட்டியைக் காட்டுவது போல ஒரு டாக்டரிடம் நீட்டுவது? கட்டி என்று அவர் சொல்லிவிட்டால்? இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சீசன் முடியட்டும் என்று மட்டும் சொன்னேன். சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் வந்தது.

இடையில் உள்ளூர் டாக்டர் ஒருவர் படை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். பூசியதில் மினுமினுப்பு இன்னும் கூடியது போல் இருந்தது. கடைசியில் ஜமீலா எனக்குத் தெரியாமல், நான் தூங்கும்போது நெற்றியை போட்டோ பிடித்துக் கோயம்புத்தூரில் இருக்கும் மகள் நஸ்ரீனுக்கு அனுப்பிவிட்டாள். நஸ்ரீன் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். விடிந்ததும் போன் வந்தது.

“அத்தா, கடைய சாத்திட்டு நாளைக்கே பஸ் ஏறுங்க.”

“கண்ணு, இது தழும்புடா.”

“தழும்புல எதுக்கு அத்தா ரத்தம் வருது?”

அம்மாவும் மகளும் ஒரே கேள்வியைக் கேட்டால் ஓர் ஆண்பிள்ளை என்ன செய்ய முடியும்? பஸ் ஏறினேன்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி பெரியது. மாணவர்கள் படிக்கும் இடம். தோல் டாக்டரம்மா விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடியை என் நெற்றியில் ஒட்டி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற மாணவர்களிடம் என்ன தெரிகிறது என்று கேட்டார். முக்காடு போட்ட ஒரு பெண், என் மகள் வயதுகூட இருக்காது, தயங்கித் தயங்கிச் சொன்னது: “தொழுகைத் தழும்பு, மேடம்.”

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. டாக்டரம்மா சிரித்தார்.

“பாதி சரி. நடுவுல இருக்கறது தழும்பு. மங்கலா, காஞ்சு போய் இருக்கு பாருங்க. ஓரத்துல இருக்கறது வேற. விளிம்பு முத்து கோத்த மாதிரி மின்னுது, மேல சின்னச் சின்ன ரத்தக்குழாய் ஓடுது. ஒண்ணு இன்னொண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சு வளர்ந்திருக்கு.”

நூர் என்று நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டது எது என்று எனக்கு அப்போது புரிந்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உறுதி செய்ய, மரத்துப்போக ஊசி போட்டுக் கடுகளவு சதை எடுத்தார்கள். அதற்கு பயாப்ஸி என்று பெயர். அந்தத் துணுக்கை மெல்லிய தாள் போலச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். அந்த முடிவு வந்த அன்றுதான் நான் முதலில் சொன்ன வாக்கியம் வந்தது.

அதை டாக்டரம்மா விளக்கியதையும், நஸ்ரீன் வீட்டில் அதையே மறுபடி விளக்கியதையும் சேர்த்துச் சொல்கிறேன். தோலின் மேல்பகுதி அடுக்கு அடுக்கானது. அடி வரிசையில் இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்து புதுசு உண்டாக்கும். அவை மெல்ல மேலே ஏறிச் செத்து, அழுக்கோடு அழுக்காக உதிர்ந்துவிடும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற உத்தரவு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் அந்த உத்தரவைச் சிதைக்கிறது. உடம்பு உடனுக்குடன் பழுது பார்த்துவிடும். வருடக்கணக்கில் அடி வாங்கினால் எங்கோ ஒரு செல் பழுது பார்க்கப்படாமல் தப்பிவிடும். அது நிறுத்தாமல் பெருகும். அடி வரிசையில் தொடங்கினால் அது பேசல் செல் புற்று. அதற்கு மேல் அடுக்குகளில் தொடங்கினால் ஸ்குவாமஸ் செல் புற்று. நிறம் உண்டாக்கும் செல்லில் தொடங்கினால் மெலனோமா. அதுதான் பொல்லாதது, சீக்கிரம் உடம்பெல்லாம் பரவக்கூடியது. எனக்கு வந்தது முதல் வகை. மெல்ல வளரும். வேறு உறுப்புக்குத் தாவுவது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால் விட்டுவைத்தால் இருக்கும் இடத்திலேயே தோண்டிக்கொண்டு போகும். தோல், சதை, எலும்பு என்று கணக்குப் பார்க்காது.

“வெயிலா? ஊட்டியிலயா?” என்றேன். “நான் விக்கிறது ஸ்வெட்டருங்கம்மா.”

“அதுதான் விஷயமே. உயரத்துல காத்து மெலிசு. கீழ இருக்கறதைவிட இந்தக் கதிர் அங்க அதிகம் இறங்கும். சூடு வேற, இந்தக் கதிர் வேற. குளிருக்கு உங்களுக்குச் சுடாது, அதனால நிழலுக்குப் போகணும்னே தோணாது. மூடுபனி இருந்தாலும் நிறைய உள்ள வந்துடும்.”

“நான் கறுப்புங்களே. இதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தானே வரும்?”

“நம்ம நிறம் நல்ல காவல்தான். அதனால நமக்குக் குறைவு. குறைவுன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல.”

எனக்கு மனசு விட்டுப் போயிற்று. இத்தனை வருடம் சிநேகிதன் என்று நினைத்து முகத்தைக் கொடுத்தேனே, அந்த வெயில்! சண்டை போட்டுப் பிடித்த இடம்!

ஆனால் என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி வேறு. ஜமீலா மருந்துக் கவுண்ட்டருக்குப் போன சமயம் பார்த்துக் கேட்டேன்.

“தொழுததால வந்துச்சாங்க?”

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய தீக்காயத் தழும்புல, ஆறாத புண்ணுல ரொம்ப வருஷம் கழிச்சு இன்னொரு வகை வர்றதுண்டு. உங்களுது அது இல்ல. வெயில்தான்னு நினைக்கிறேன். ஆனா ஒரு ஆளோட ஒரு கட்டிக்கு இதுதான் காரணம்னு விரல் நீட்டிச் சொல்ல எங்களால முடியாது.”

“எடுத்ததுக்கு அப்புறம் நெத்தியைத் தரையில வைக்கலாமுங்களா?”

“எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பார்க்கணும். தோலோட நின்னிருந்தா ஆறினதும் வைக்கலாம். எலும்பைத் தொட்டிருந்தா அந்த எலும்பையும் சுரண்டணும், பெரிய ஒட்டு போடணும். அப்போ என்னால வாக்குக் கொடுக்க முடியாது. இன்னொண்ணு, அது தழும்புக்குள்ளயும் புகுந்திருக்கு. தழும்பையும் சேர்த்துத்தான் எடுக்கணும்.”

உயிருக்கு ஒன்றுமில்லை என்று நூறு தடவை சொல்லிவிட்டார்கள். நான் நம்பினேன். ஆனால் நெற்றியைத் தரையில் வைக்க முடியாமல் மிச்ச நாளைக் கழிப்பது எனக்கு ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. கடனில் மூழ்கிய காலத்தில், என் அம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த அன்று, நஸ்ரீன் நிக்காஹ் முடிந்து கிளம்பிய அன்று, எல்லா நாளும் நெற்றியை அங்கே வைத்துத்தான் நான் மூச்சு விட்டிருக்கிறேன். அதை டாக்டரம்மாவிடம் எப்படிச் சொல்வது? “சரிங்க” என்று மட்டும் சொன்னேன்.

பயாப்ஸி காட்டும் அளவைப் பொறுத்துச் சிலருக்குக் களிம்பே போதுமாம். சிலருக்கு உறைய வைத்துக் கருக்குவார்களாம், சிலருக்குக் கதிர் வைத்தியம். எனக்கு வெட்டி எடுப்பதுதான் சரி என்றார்கள். ஸ்கேனில் எலும்பு நன்றாகத்தான் தெரிகிறது, ஆனால் வெட்டிப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். அந்த ‘ஆனால்’ என்ற சொல்லை ஆஸ்பத்திரியில் எங்கே மொத்தமாக வாங்குகிறார்களோ தெரியவில்லை.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் செல்லையாவுக்கு. மஞ்சூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். சின்ன வயதில் சிலோனிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், பேச்சில் அந்த ஊர் இன்னும் இருந்தது. குழந்தையாக இருக்கும்போது அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கொதிதண்ணீர் காலில் கொட்டிய தழும்பு. அதன்மேல் கொழுந்துக் காட்டில் கீறல் பட்டுப் புண்ணாகி, ஆறாமலே கிடந்திருக்கிறது. அட்டை கடித்த புண் என்று சுண்ணாம்பு வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு வந்தது இரண்டாவது வகை, ஸ்குவாமஸ். அது பரவக்கூடியது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்ததால் அங்கும் ஊசி குத்திப் பார்த்திருந்தார்கள்.

“நம்ம ரெண்டு பேருக்கும் தோலுதான் பாய்” என்றார் ஒருநாள், பிளாஸ்கிலிருந்து பால் விடாத சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டே. “ஒங்களுக்குப் பயப்பிடாதீங்கன்னு சொல்லுறாங்க. எனக்குப் பாப்பம்னு சொல்லுறாங்க. பேரு என்னமோ ஒரே பேருதான்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம், அவருக்கு வந்தது எனக்கு வரவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்காக இன்னொரு வெட்கம்.

அறுவைக்கு முழு மயக்கம் தரவில்லை. நெற்றியில் சுற்றிலும் ஊசி. அதுதான் வலித்த வலி, பிறகு நெற்றி யாருடையதோ ஆகிவிட்டது. துணியால் கண்ணை மூடிவிட்டார்கள், காதை மூடவில்லை. சர்ஜன் நர்ஸிடம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வெட்டினார். ரத்தக்குழாயைக் கருக்கும்போது முடி பொசுங்கும் வாடை வந்தது. அது என் வாடைதான். வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தேன்.

கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் நல்ல தோலாகத் தெரிவதையும் ஒரு வரம்பு சேர்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் வேர் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். எடுத்த வட்டத்துக்குத் திசை தெரிய நூல் கட்டி அனுப்பி, விளிம்பில் எங்காவது நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சில பெரிய ஊர்களில் நோயாளியை உட்கார வைத்தே அடுக்கு அடுக்காக எடுத்து உடனே பார்க்கும் முறை இருக்கிறதாம். எனக்கு அந்தச் சோதனை முடிவு வரும்வரை காயத்தைத் தைக்காமல், கட்டு மட்டும் போட்டுத் திறந்தே வைத்திருந்தார்கள். நெற்றி நடுவில் ஒரு குழியோடு நான் காத்திருந்தேன்.

எங்கள் பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்துக்கு போன் போட்டேன். நோயாளி உட்கார்ந்தபடி தலையைச் சாய்த்துச் சைகையால் தொழலாம், நன்மையில் குறைவில்லை என்று சொன்னார். அப்படியே தொழுதேன். செல்லையா ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “யாருக்குப் பாய் சரி சரின்னு தலையாட்டுறீங்க?”

கட்டு இழுக்கும் அளவுக்குச் சிரித்தேன். நன்மையில் குறைவில்லைதான், ஹஜ்ரத் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தலை பாதி வழியில் நின்றுவிடுகிறதே!

அந்த நாட்களில் ஜமீலா என் கடைச் சரக்கிலிருந்தே மெத்தென்ற ஒரு மஃப்ளரை வெட்டி, கட்டின்மேல் உரசாதபடி நெற்றிப் பக்கம் தொளதொளவென்று ஒரு குல்லாய் தைத்தாள். செல்லையாவுக்குக் கூட வந்து தங்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கும் ஒன்று. ஆஸ்பத்திரி பில் எதையும் நஸ்ரீன் என் கண்ணில் காட்டவில்லை. இன்சூரன்ஸ் அட்டையில் போனது போக மிச்சம் என்ன என்று கேட்டால், “நெத்தியைச் சுருக்காதீங்க அத்தா, தையல் போட இடம் வேணும்” என்று பேச்சை மாற்றுவாள்.

முடிவு வந்தது. மூன்று பக்கம் சுத்தம். புருவத்துப் பக்கம் மட்டும் விளிம்பில் கொஞ்சம் இருக்கிறது. அடியில், எலும்பின் மேலுறை வரை ஒட்டியிருக்கிறதா என்பது சந்தேகம். மறுபடி வெட்ட வேண்டும்.

நான் அப்போதுதான் முதல்முறையாக உடைந்தேன். சஜ்தாவில் வைக்கத்தானே இந்த நெற்றி, அதை ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னைப் படைத்தவனிடமே கோபித்துக்கொண்டேன். கோபித்துக்கொண்ட உடனே பயந்தேன். பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்பது, எந்த நெற்றியை வைத்துக் கேட்பது என்று குழம்பினேன். ஜமீலா என் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். ஊட்டிக் குளிரில் செய்யும் பழக்கம். கோயம்புத்தூர்ப் புழுக்கத்தில் அதற்குத் தேவையே இல்லை, இருந்தாலும் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை.

இரண்டாம் முறை வெட்டிய பிறகு முடிவு வந்த அன்று டாக்டரம்மாவே வார்டுக்கு வந்தார்.

“எல்லாப் பக்கமும் சுத்தம். எலும்பைத் தொடல.”

“ஆனா?” என்றேன்.

“ஆனா எல்லாம் இல்ல” என்றார்.

ஜமீலா இந்த முறை சிரித்தாள், நான் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் செல்லையா கையைத் தூக்கி எனக்கு சலாம் வைத்தார். அவருக்கு அதற்கு முந்தின நாள்தான் நெறியிலும் நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். காலில் அறுவை முடிந்து இப்போது கதிர் வைத்தியத்துக்கு மஞ்சூரிலிருந்து கோயம்புத்தூர் போய்வருகிறார். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வார். தலையாட்டுவதை நிறுத்தியாச்சா என்று கேட்பார்.

கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே இருந்து ஒரு துண்டுத் தோலை எடுத்து நெற்றிக் குழியில் வைத்துத் தைத்தார்கள். ஒட்டு பிடித்துவிட்டது. ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. நரம்பு அறுந்த இடம், கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். சர்ஜன் சொல்லும்வரை நெற்றியை எதிலும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு முறை வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வர வாய்ப்பு உண்டு. வெயிலில் போனால் களிம்பு, விளிம்பு வைத்த தொப்பி.

கடைக்குத் திரும்பினால் கடை அங்கே இல்லை. போஜன் என் கம்பு, தார்ப்பாய் எல்லாவற்றையும் பெயர்த்துத் தெருவின் எதிர்ப்பக்கம், நிழல் பக்கம் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்.

“கோபிச்சுக்காதீங்க பாய். நஸ்ரீன் பாப்பாகிட்ட போன்ல கேட்டனுங்க. வெயிலு ஆகாதுன்னுச்சு.”

“இங்க யாருங்க வருவாங்க? குளிர்ல விறைச்சுப்போவேன்.”

“விறைச்சா ஸ்வெட்டர் போடுங்க. உங்க கடைல இல்லாததா?”

இப்போது நிழல் பக்கத்தில், டூரிஸ்ட்டுக்கு விற்கிற அதே அகலத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தழும்பு போய்விட்டது. அந்த இடத்தில் வேறு நிறத்தில், வழுவழுவென்று ஒரு வட்டம். விஷயம் தெரியாத ஒருவர் பள்ளிவாசலில், தொழுகையை விட்டுவிட்டீர்களா பாய் என்று கேட்டேவிட்டார். குல்லாயை நெற்றிக்கு இழுத்து விட்டுக்கொண்டேன்.

சர்ஜன் அனுமதித்த நாளில் பள்ளிவாசலுக்குப் போகவில்லை. வீட்டிலேயே, மத்தியானத் தொழுகை. ஜமீலா முசல்லாவை விரித்தாள். அதன்மேல் தான் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியையும் மடித்து விரித்தாள்.

“இது எதுக்கு?”

“ரத்தம் வந்தா தெரியோணுமல்லங்க.”

கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து நின்றேன். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். குனிந்தேன், நிமிர்ந்தேன். பிறகு மண்டியிட்டு, கையை ஊன்றி, மெல்ல மெல்லத் தலையை இறக்கினேன். மூக்கு துணியில் பட்டது தெரிந்தது. நெற்றி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அந்தரத்தில் நிற்கிறதா, தரையில் இருக்கிறதா? தொழுகையின் நடுவில் யாரையும் கேட்க முடியாது. ஒவ்வொரு சஜ்தாவிலும் அதே குழப்பம். முன்பு எந்த யோசனையும் இல்லாமல் போய்ச் சேர்ந்த இடத்துக்கு, வந்துவிட்டேனா இல்லையா என்று தெரியாமலே ரக்அத் என்னும் சுற்று எல்லாவற்றையும் தொழுது முடித்தேன்.

இரு பக்கமும் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், துஆ கேட்கக் கை ஏந்தாமல் அவளிடம் திரும்பினேன்.

“தரையில பட்டுச்சா?”

அவள் துப்பட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“பட்டுச்சுங்க” என்றாள். “இதோ பாருங்க. ஒளுத் தண்ணி.”

வெள்ளைத் துணியில் வட்டமாக ஓர் ஈரம் இருந்தது. ரத்தம் இல்லை, வெறும் தண்ணீர். அது காய்வதற்குள் நான் விரலை வைத்துப் பார்த்தேன். விரலுக்குக் குளிர்ச்சி தெரிந்தது.